வெல்ஃபேர் ஆபீசரின் விரதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பூவராகவன் வெல்ஃபேர் ஆபீசர். தொழிலாளிகளின் நலத்தைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் அந்த உத்தியோகம். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக அவர் பார்த்துக்கொண்டது முழுக்க முதலாளியின் நலம். தொழிலாளி பக்கம் அவர் பார்வை போவது, கேன்டீனில் எவனாவது கூடுதலாக ஒரு வடை எடுக்கிறானா என்று பார்ப்பதற்குத்தான்.

தொழிலாளி வீட்டில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் கம்பெனி சார்பில் பூவராகவன் போவார். கவரைக் கொடுப்பார், நின்றபடியே போட்டோ எடுத்துக்கொள்வார். "சாப்ட்டு போங்க சார்" என்று யாராவது சொன்னால் போதும், உடனே அவருக்குத் துணையாக ஒரு சாமி வந்துவிடும். திங்களென்றால் சிவன், செவ்வாயென்றால் முருகன், வியாழனென்றால் குரு, சனியென்றால் பெருமாள். புதன்கிழமைக்குச் சட்டென்று சாமி கிடைக்காமல் ஒரு தடவை திணறிவிட்டு, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சமாளித்தார். இந்த விரதம் எல்லார் வீட்டிலும் வராது. சில வீடுகளில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, கறி இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். எந்த வீட்டில் விரதம், எந்த வீட்டில் பசி என்பது ஆலையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

திருவள்ளூர் பக்கத்தில் அவருக்குச் சொந்தமாகக் கழனி உண்டு. மணவாள நகரில் மாடி வீடு உண்டு. ஆனாலும் மனுஷனுக்கு உயிர் அந்த ஆபீசர் நாற்காலியில்தான் இருந்தது. மார்கழிக் கடைசியில் ரிட்டயர்மென்ட். தை மாதம் மகள் நர்மதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டியதே 'பொண்ணோட அப்பா பெரிய கம்பெனியில ஆபீசர்' என்றுதான். கல்யாண மேடையில் முதலாளி வந்து நிற்க வேண்டும், வாசலில் கம்பெனி கார்கள் வரிசை கட்ட வேண்டும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ரிட்டயர் ஆனவனுக்கு எந்த முதலாளி வருவான்? அதனால் இரண்டு வருஷம் சர்வீஸை நீட்டித் தரச்சொல்லி முதலாளியின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலாளியும் இவர் பக்கத்து ஆள், இவர் ஜனம். அந்த உரிமையில் வேறு கொஞ்சம் அதிகமாகவே வழிவார்.

அந்தச் சமயத்தில்தான் எகிப்திலிருந்து அந்தச் செய்தி வந்தது.

முதலாளியின் ஒரே மகன் பார்த்திபன் டென்னிஸ் ஆட்டக்காரன். காசுக்கும் தரவரிசைக்கும் ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரன். அவனோடு கூட ஊர் ஊராகப் போகிறவன் ஸ்டீவன். ஸ்டீவனின் அப்பா ஜெரால்ட் இதே ஆலையில் உலைப் பக்கம் வேலை செய்கிறவர். கெஸ்ட் ஹவுசுக்குப் பின்னால் முதலாளி மகனுக்காக டென்னிஸ் மைதானம் போட்டபோது, எதிரே நின்று பந்தடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மீஞ்சூர்ப் பள்ளியில் அப்போதே பேர் வாங்கியிருந்த ஸ்டீவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அன்று ஆரம்பித்த சிநேகம். பூவராகவன் ஜீப்பில் போகும்போது வலைக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனும் நின்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். அதனால் இரண்டு பேரும் எதிராளிகள் என்று அவர் மண்டையில் ஆணி அடித்த மாதிரி பதிந்துபோயிருந்தது.

சென்னை ஆபீசிலிருந்து போனில் வந்த செய்தி சின்னதுதான். எகிப்தில் நடந்த போட்டி, ஆடவர் இரட்டையர் பிரிவு, இறுதி முடிவு என்று மேலே போட்டு, கீழே நாலு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முதலில் ஸ்டீவன் ஜெரால்ட். அதற்குக் கீழே பார்த்திபன். அதற்கும் கீழே வாயில் நுழையாத இரண்டு வெளிநாட்டுப் பெயர்கள். ஓரத்தில் 6-4, 3-6, 10-7 என்று கணக்கு. கூடவே முதலாளியின் குரல் பதிவு: "பசங்க ஜெயிச்சிட்டாங்க பூவராகவா. ரெண்டு பேருக்கும் ஃபேக்டரியிலயே பாராட்டு விழா வெக்கணும். ஜோரா இருக்கணும். ஒன் எக்ஸ்டென்ஷன் விஷயம் விழா முடிஞ்சி பேசலாம்."

இரட்டையர் ஆட்டம் என்றால் இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று, எதிரே நிற்கிற இரண்டு பேரோடு ஆடுவது. ஜெயித்தால் இருவரும் சேர்ந்து ஜெயித்தது. பெயரை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். நம் வெல்ஃபேர் ஆபீசருக்குத் தெரியாது. வருஷா வருஷம் ஆலையின் விளையாட்டு விழாவை நடத்துகிறவர் அவர். முடிவைக் கரும்பலகையில் எழுதும்போது மேலே இருக்கிற பெயர் முதல் பரிசு, அதற்குக் கீழே இருக்கிற பெயர் இரண்டாம் பரிசு. சாக்குப் போட்டியானாலும் லெமன் ஸ்பூன் ஆனாலும் அதுதான் வழக்கம். ஒருத்தன் மேலே என்றால் இன்னொருத்தன் கீழே. இரண்டு பேர் ஒரே படியில் நிற்க முடியும் என்பது அவர் பிறந்து வளர்ந்த இடத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை படித்தார். ஸ்டீவன் முதல் பரிசு. முதலாளி மகன் இரண்டாம் பரிசு. கணக்கையும் பார்த்தார். ஸ்டீவன் ஆறு, பார்த்திபன் தம்பி நாலு. நடுவில் ஒரு தடவை தம்பி ஆறு எடுத்திருக்கிறார், பரவாயில்லை. கடைசியில் அவன் பத்து, இவர் ஏழு. போச்சுடா! கீழே இருக்கிற வெள்ளைக்காரன்கள் மூன்றாவதும் நாலாவதுமாக வந்திருக்கிறார்கள், அவன்களைத் தோற்கடித்த பெருமையாவது இருக்கிறது. ஆனால் முதலிடம்? ஜெரால்டின் அப்பன் இவர் அப்பாவின் கழனியில் சேற்றில் நின்றவன். அவன் பேரன் மேடையில் பெரிய கப்பைத் தூக்கிப் பிடிக்க, முதலாளி மகன் பக்கத்தில் சின்னக் கப்போடு நிற்பதா? அதை இவர் கையாலேயே நடத்தி வைப்பதா? அப்புறம் எக்ஸ்டென்ஷன் எங்கே கிடைக்கும், ஊருக்குப் போய் எருமை மேய்க்க வேண்டியதுதான்.

அறைக்குள் கிளார்க் பாக்கியராஜ் வந்தான். பூவராகவன் அவனிடம் போனைக் காட்டி, "பாத்தியா, எவ்ளோ பெரிய பேஜாரு? நம்ம தம்பி ரெண்டாவது வந்துக்கிறாரு" என்றார்.

பாக்கியராஜ் போனைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "சார், டபுள்ஸ்னா இன்னான்னா..."

"நீ எனுக்கு சொல்லிக் குடுக்குறியா? ஸ்போர்ட்ஸ் டே நடத்துறது நானா, ஒங்கப்பனா?"

"நீங்கதான் சார்."

"அப்ப வாய மூடிக்கினு வேலய பாரு."

பாக்கியராஜ் வாயை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டே வெளியே போய், ரோலிங் பக்கம், உலைப் பக்கம், கேன்டீன் பக்கம் என்று எல்லா இடத்திலும் திறந்தான். அன்று சாயங்காலத்துக்குள் ஆலை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. தெரியாத ஒரே ஆள் நம்மவர்தான். ஒரு பயலும் அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர் யாரிடம் என்ன நல்லது பண்ணி வைத்திருந்தார்?

ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மேடையில் மாற்றிச் சொல்லிவிடலாம். பார்த்திபன் முதல், ஸ்டீவன் இரண்டாவது. ஆனால் மைக் முன்னால் அந்தப் பையன் 'நான்தான் ஜெயிச்சேன்' என்று எகிறிவிட்டால்? அதற்கு அவன் ஆத்தா அப்பனை முதலில் சரிக்கட்ட வேண்டும். ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னால் நாலு பேருக்குத் தெரியும். நாமே போய்விடுவோம் என்று வியாழக்கிழமை மத்தியானம் ஜீப்பை எடுத்துக்கொண்டு மீஞ்சூருக்குக் கிளம்பினார்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜெரால்டின் தெருவுக்குள் ஜீப் போகாது. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கையில் ஷூவோடு, தேங்கிய தண்ணீரில் இறங்கி நடந்தார் வெல்ஃபேர் ஆபீசர். 'இதுங்கல்லாம் எப்பிடித்தான் இங்க இருக்குதுங்களோ' என்று முணுமுணுத்தபடியே நடந்தார். இந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அதே ஜெரால்ட், ஆலை மூலமாகப் பேரூராட்சிக்கு எடுத்துச் சொல்லச்சொல்லி அவரிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொன்னவர், இன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தார்.

ஜெரால்டுக்கு அன்று வார லீவு. வாசலில் ஆபீசரைப் பார்த்ததும் பதறி எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். "சார்! இன்னா சார், சொல்லியனுப்பிச்சா நானே வந்திருப்பேனே!"

"இருக்கட்டும் ஜெரால்டு. ஒங்ககிட்ட... ஒங்க ரெண்டு பேரு கிட்டயும் ஒரு விஷயம் பேசணும். அம்மா இல்லீங்களா?"

ஜெரால்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் 'ஏய் ஜெரால்டு', 'வாடா', 'போடா' தவிர இன்னொன்றை அந்த வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. இன்றைக்கு 'ங்க' வருகிறது, 'அம்மா' வேறு வருகிறது. உள்ளேயிருந்து கிரேஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கேன்டீனில் சமைக்கிறவள். நூறு ஆளை ஒரே பார்வையில் எடை போட்டுப் பழகிய கண்.

பூவராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஸ்டீவன் தம்பி முதலாவதாக வந்ததில் தனக்கு ரொம்பச் சந்தோஷம் என்றார். ஆனால் பார்த்திபன் தம்பி இரண்டாவதாக வந்துவிட்டதில் முதலாளிக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்றார். உப்புப் போட்டவர் இல்லையா, அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய விடலாமா என்றார். "மேடையில மட்டும் மாத்திச் சொல்லிக்கலாம். தம்பி மொதலு, ஸ்டீவன் ரெண்டாவது. வெறும் பேச்சுக்குத்தான். ஒங்க பையன் ஜெயிச்சது எங்கியும் போயிடாது. கொஞ்சம் பெரிய மனசு பண்ணணும்மா" என்று கையைக்கூடக் கூப்பினார்.

ஜெரால்ட் திருதிருவென்று விழித்தார். "சார், அது வந்து... அவங்க ரெண்டு பேரும் சேந்து..."

"யோவ், நீ சும்மா இரு. சாரு பேசட்டும்" என்றாள் கிரேஸ்.

கிரேஸ் கொஞ்ச நேரம் பூவராகவனையே பார்த்தாள். ஃபிரிட்ஜின் மேல் மகன் வாங்கிய கோப்பைகள் வரிசையாக இருந்தன, அதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் மரியாதைக்குக் கட்டுப்பட்டுவிட்டாள் என்று பூவராகவனுக்குத் தோன்றியது. ஆள் பார்க்கத் தெரிந்தவனாக இருந்தால் அப்போதே எழுந்து ஓடியிருப்பான்.

"எம்புள்ள ஜெயிச்சத நான் வுட்டுக் குடுக்கணும். அப்பிடித்தான சார்?"

"மேடையில மட்டும்மா."

"பெரிய விஷயமாச்சே சார். வெறும் வயித்துல பேசக்கூடாது. இப்பத்தான் சோறு எறக்கி வெச்சிட்டு வந்தேன். சாப்டுக்கினே பேசலாம்."

பூவராகவனுக்குப் பழக்க தோஷத்தில் சாமி நாக்கு நுனிக்கே வந்துவிட்டார். "இன்னிக்கி வியாழக்கெழம..."

"தெரியும் சார், குரு. எங்க பொண்ணு ஷைனி கல்யாணமும் வியாழக்கெழமதான்" என்றாள் கிரேஸ். குரலில் ஒரு சுருக்கமும் இல்லை. "சரி, நீங்க விரதம் முடிச்சிட்டு இன்னொரு நாளைக்கு வாங்க. அப்பறமா பேசிக்கலாம்."

இன்னொரு நாள் ஏது? ஞாயிற்றுக்கிழமை விழா. ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுக்க வேண்டும், கப் வாங்க வேண்டும். நர்மதாவின் கல்யாண மேடையும் வாசலில் நிற்கப்போகிற கார்களும் பூவராகவனின் கண் முன்னால் வந்து நின்றன. "சேச்சே, சாமி ஒண்ணும் கோச்சிக்காது. வையிங்கம்மா" என்றார்.

அடேங்கப்பா! எத்தனை வருஷத்து விரதம், எத்தனை சாமிகள், ஒரு நிமிஷத்தில் காற்றில் போயிற்று.

கிரேஸ் தட்டை வைத்தாள். ஆவி பறக்கிற சோறு, பழவேற்காட்டு எறா போட்ட தொக்கு, ரசம், அப்பளம். டம்ளரில் தண்ணீர். பூவராகவன் முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளினார். தொண்டையில் நிற்கும் என்று நினைத்தார், வாந்தி வரும் என்றுகூட நினைத்தார். அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. எறாவில் மிளகும் பூண்டும் சரியாக ஏறியிருந்தன. நாக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டா சார்?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கை தட்டை நீட்டிவிட்டது.

ஜெரால்ட் சுவரோரம் நின்று, ஆபீசர் தன் வீட்டில் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவ கிரேஸ் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியபோது பூவராகவன் மறுபடி ஆரம்பித்தார். "அப்ப ஸ்டீவன் தம்பிகிட்ட..."

"நான் சொல்லிக்கிறேன் சார். அவன் ஒண்ணும் பேஜாரு பண்ண மாட்டான். நீங்க ரெண்டாவதுன்னே போட்டுக்குங்க."

ஜீப்பில் ஏறியதும் பூவராகவன் கைக்குட்டையில் விரலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். எறா வாசனை போகிற வழியாக இல்லை. போகட்டும், காரியம் முடிந்தது. 'நாம ஒரு வாய் சாப்ட்டதுக்கே உருகிப் போயி புள்ளையோட கப்பையே தூக்கிக் குடுக்குதுங்க பாரு. புத்தி அவ்ளோதான்' என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். எவனாவது இவ்வளவு சாமர்த்தியமாக ஒரு காரியத்தை முடிப்பானா என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு கும்மிடிப்பூண்டிவரை வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலை மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. வாசலில் ஃபிளெக்ஸ் பனை உயரத்துக்கு நின்றது. 'எகிப்தைக் கலங்கடித்த எங்கள் சிங்கம்' என்று போட்டுப் பார்த்திபன் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் 'முதல் பரிசு'. வலது ஓரத்தில் முதலாளி, இடது ஓரத்தில் செத்துப்போன முதலாளியின் அப்பா, கீழே 'விழாவைச் சிறப்பிக்கும்' பூவராகவன். இத்தனை பேரும் போக மிச்சமிருந்த மூலையில், ரேஷன் கார்டு போட்டோ அளவில் ஸ்டீவன். 'இரண்டாம் பரிசு'. மேடை மேசையில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கப்பும், அதன் பக்கத்தில் டம்ளர் உயரத்துக்கு ஒரு கப்பும் இருந்தன.

தொழிலாளிகள் வர வர ஃபிளெக்ஸ் முன்னால் நின்று போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒருத்தன் தோளை ஒருத்தன் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று பூவராகவன் பூரித்துப்போனார். பாக்கியராஜ் வேண்டுமென்றே கேட்டான்: "சூப்பரா கீது சார். டிசைன் நீங்களா?"

"பின்ன, ஒங்கப்பனா?" என்றார் பெருமையாக.

முதலாளியின் கார் வந்தது. பின் இருக்கையிலிருந்து பையன்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒரே நிறத்தில் டி-ஷர்ட். கையில் ஆளுக்கு ஒரு கோப்பை. எகிப்தில் கொடுத்தது. இரண்டும் ஒரே உயரம், ஒரே பளபளப்பு. பூவராகவன் அதைப் பார்த்தார்தான், ஆனால் மண்டையில் ஏறவில்லை. வெளிநாட்டுக்காரனுக்குப் பெரியது சின்னது தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

முதலாளியைக் கால் மணி நேரம் புகழ்ந்தார். அவர் அப்பாவைப் புகழ்ந்தார். பிறகு குரலை உயர்த்தி, "முதலில், இரண்டாம் பரிசு பெற்ற, நமது தொழிலாளி ஜெரால்டு மகன் ஸ்டீவனை மேடைக்கு அழைக்கிறேன்!" என்றார்.

பந்தலில் ஒரு 'ஓ' கிளம்பியது. ஸ்டீவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறி வந்தான். கூடவே கூப்பிடாமலேயே பார்த்திபனும் ஏறி வந்தான். மேசையில் இருந்த டம்ளர் கப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அங்கிள், இவன் யார்கிட்ட தோத்தான்?" மைக் பக்கத்திலேயே இருந்ததால் கேள்வி கடைசி வரிசைவரை கேட்டது.

பூவராகவன் இளித்தார். "ஒங்ககிட்டதான் தம்பி!"

மைதானமே அதிர்ந்தது. சிலர் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். பார்த்திபனுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்கிட்டயா? அங்கிள், நாங்க ரெண்டு பேரும் ஒரே சைடு! டபுள்ஸ்! நாங்க ஒரு டீம், எதிர்ல ரெண்டு வெள்ளைக்காரனுங்க. அவனுங்கதான் தோத்தானுங்க. கடைசி சர்வீஸ் இவன் போட்டதுலதான் ஜெயிச்சோம். இதுல முதல் ஏது, ரெண்டாவது ஏது?"

பூவராகவனின் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதாவது மைக்கை விட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் கணக்கு அவரை விடவில்லை. "அப்ப அந்த ஆறு, நாலு?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"அது நாங்க ஆறு, அவங்க நாலு அங்கிள்."

அதற்கப்புறம் அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. பார்த்திபன் இடுப்பு உயரக் கப்பை ஒரு கையாலும் ஸ்டீவனை ஒரு கையாலும் இழுத்தான். இருவருமாகச் சேர்ந்து கப்பைத் தூக்கிப் பிடித்தார்கள். விசில் பறந்தது. ஜெரால்ட் முன்வரிசையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். டம்ளர் கப்பு மட்டும் பூவராகவன் கையில் எப்படியோ வந்து மாட்டிக்கொண்டது.

முதலாளி சிரிக்கவில்லை. விரலை அசைத்து மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். "எம்பையன் ஜெயிச்சிட்டு வந்துக்கிறான். ஊரு சிரிக்கிற மாதிரி பண்ணிட்டியேய்யா. யாரயாவது ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"ஐயா, ஒங்க கௌரவத்துக்காகத்தான்... நான் ஜெரால்டு ஊட்டுக்கே போனேன் ஐயா. அந்தத் தெருத் தண்ணியில எறங்கிப் போயி..." பூவராகவன் குரலைத் தாழ்த்தினார். தன் ஜனத்து ஆளுக்கு இது புரியும், இந்தத் தியாகத்தின் எடை தெரியும் என்று நம்பினார். "அவங்க ஊட்ல சாப்ட்டேன் ஐயா. ஒங்களுக்காக."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சாப்ட்டா இன்னா? எம்பையன் பாதி நாளு அங்கதான் சாப்புடுறான். அந்தம்மா எறா தொக்கு செஞ்சா எனுக்கும் ஒரு டப்பா வருது."

பூவராகவன் டம்ளர் கப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஐயா, அந்த எக்ஸ்டென்ஷன்..."

"போதும்யா. மாசக் கடைசியில ஒரு சால்வ போட்டு அனுப்பிடுறோம்." முதலாளி போய்விட்டார்.

பந்தலில் பிரியாணி பரிமாற ஆரம்பித்தார்கள். பூவராகவன் மேடைக்குப் பின்னால், ஃபிளெக்ஸ் கட்டிய சவுக்குக் கழியைப் பிடித்தபடி நின்றார். கிரேஸ் அந்தப் பக்கமாக வந்தாள். நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய், ஒனுக்கு மொதல்லயே தெரியும் இல்ல?"

'ங்க' போயிருந்தது. கிரேஸ் அதைக் கவனித்தாள் என்று முகத்தில் தெரிந்தது. "தெரியும் சார்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி! எம் பொழப்பே போச்சே!"

"சொல்லியிருந்தா தட்டு வெக்கிறதுக்குள்ள எழுந்து போயிருப்பீங்களே சார்."

கிரேஸ் குரலை உயர்த்தவே இல்லை. "ஷைனி கல்யாணத்துல ஒங்களுக்குன்னு ஒரு எலை போட்டு, கடைசிப் பந்தி வரைக்கும் வேற யாரையும் ஒக்கார வுடாம எம்புருசன் காத்துக்கினு நின்னாரு. எங்காபீசரு சாப்புடுவாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு. நீங்க விரதம்னு கெளம்பிட்டீங்க. ஒங்க கைப்பைய மறந்து வெச்சிட்டீங்கன்னு சைக்கிள எடுத்துக்கினு பின்னாடியே வந்தாரு. ஸ்டேஷன் பக்கத்து பிரியாணிக் கடையில நீங்க லெக் பீஸ் கடிச்சிக்கினு இருந்தீங்க. பைய நம்ம கம்பெனி வாட்ச்மேன் கிட்ட குடுத்துட்டு வந்துட்டாரு. யாருகிட்டயும் சொல்லல, எங்கிட்ட மட்டும் சொன்னாரு. அன்னிலேந்து எனுக்கு ஒரே ஆச சார். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எங்க ஊட்ல ஒங்களுக்குப் பசிக்கணும்."

பந்தலிலிருந்து ஸ்டீவன் "அம்மா, எல போட்டாச்சு, வா" என்று கூப்பிட்டான். பார்த்திபனும் "ஆண்டி!" என்று சேர்ந்து கத்தினான். கிரேஸ் திரும்பி இரண்டடி வைத்தவள் நின்றாள்.

"நர்மதா பாப்பாவுக்குத் தை மாசம் கல்யாணமாமே. எங்களுக்கும் சொல்லியனுப்புங்க சார். குடும்பத்தோட வருவோம், மொதப் பந்தியில ஒக்காந்து சாப்டுவோம். எங்களுக்கு விரதமெல்லாம் கெடையாது."

பூவராகவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கையில் அந்த டம்ளர் கப்பு இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. துணைக்கு ஒரு சாமியும் வரவில்லை.